ஐந்து மணித்தியாலம் படித்தும் மனதில் நிற்கவில்லை: சாதாரண தரத்துக்கு மீட்டல் செய்வது எப்படி?

2024 டிசம்பர் 7, கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாயின் கேள்வி

மகன் தரம் 11. மார்ச்சில் சாதாரண தரப் பரீட்சை. பாடசாலை விட்டு வந்து இரவு பதினொரு மணி வரை மேசையை விட்டு எழும்புவதில்லை. விஞ்ஞானப் புத்தகம் முழுவதும் மஞ்சளும் பச்சையுமாகக் கோடு. கேட்டால் எல்லாம் தெரியும் என்கிறான். தவணைப் பரீட்சையில் விஞ்ஞானம் 38, வரலாறு 44. சோம்பேறி என்று சொல்ல மனம் வரவில்லை, கண்ணால் பார்க்கிறேனே. இன்னொரு வகுப்புக்கு அனுப்புவதா? அல்லது பிள்ளைக்கு ஞாபகசக்தியே குறைவா?

2024 டிசம்பர் 8, ஞாயிறு இரவு

இன்னொரு வகுப்பு வேண்டாம் அக்கா. ஞாபகசக்தியிலும் குறையில்லை. மஞ்சளும் பச்சையும் என்று வாசித்ததுமே என் பழைய விஞ்ஞானப் புத்தகம் கண்முன் வந்துவிட்டது. நான் மூன்று நிறம் வைத்திருந்தேன். வரைவிலக்கணத்துக்கு மஞ்சள், சூத்திரத்துக்கு இளஞ்சிவப்பு, ஆசிரியர் முக்கியம் என்று சொன்னதற்குப் பச்சை. முழுப் புத்தகத்தையும் மூன்று முறை வாசித்தேன். தரம் 10 இறுதித் தவணையில் 41 கிடைத்தது.

மகனிடம் இன்றிரவே ஒன்று செய்து பார்க்கச் சொல்லுங்கள். நேற்று எந்தப் பாடம் படித்தானோ அதன் தலைப்பை மட்டும் வெற்றுத்தாளில் எழுதட்டும். புத்தகம் அடுத்த அறையில் இருக்கட்டும்; மேசையில் இருந்தால் கை போகும். பத்து நிமிடம் நினைவுக்கு வருவதையெல்லாம் எழுதட்டும்: படம், சூத்திரம், பாதி வசனம், எதுவானாலும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனவற்றை அதே தாளில் சிவப்புப் பேனையால் எழுதட்டும். நாளைக்கு அவன் படிக்க வேண்டியது அந்தச் சிவப்பு மட்டும்தான்.

எல்லாம் தெரியும் என்று அவன் சொன்னது பொய்யில்லை. பலமுறை பார்த்த பக்கம் கண்ணுக்குப் பழகிவிடும். பழகியதைத் தெரிந்ததென்று மனம் நம்பிவிடும். பரீட்சை மண்டபத்தில் அந்தப் பக்கம் முன்னால் இருக்காது என்பதை அங்கே போய்த்தான் உணர்வோம்.

வாசிப்பதை விட்டுவிட்டு எழுதத் தொடங்கச் சொல்லுங்கள்.

2024 டிசம்பர் 9

நான்கு வரி எழுதிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. முதல்நாள் நான் எழுதியது ஆறு வரி. மூன்று மாத உழைப்பும் ஆறு வரிக்குள் அடங்கிக் கிடப்பதைப் பார்க்கும் வேதனை எனக்குத் தெரியும்.

அந்தத் தாளை வீசிவிடாதீர்கள். திகதி போட்டு அலுமாரியில் வையுங்கள். வியாழக்கிழமை அதே தலைப்பை மீண்டும் எழுதச் சொல்லுங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவனே பார்க்கட்டும். நீங்கள் எதுவும் சொல்லத் தேவையில்லை.

2024 டிசம்பர் 12, வியாழன்

இந்த முறையை எங்கே கற்றாய் என்று கேட்டிருந்தீர்கள். ஒருவரும் சொல்லித் தரவில்லை. 2022 இல் மின்வெட்டு கற்றுத் தந்தது.

நான் எழுதியது 2021 ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை. அது தள்ளித் தள்ளிப் போய் 2022 மே 23 ஆம் திகதிதான் தொடங்கியது. பொருளாதார நெருக்கடியில் அதற்கு முந்திய மாதங்கள் எப்படி இருந்தன என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். மார்ச் மாதத்தில் கடதாசித் தட்டுப்பாடு என்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே ஒத்திவைத்தார்கள். மார்ச் முடிவில் மின்வெட்டு ஒருநாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது. வெள்ளவத்தையில் எங்கள் வீடு மூன்றாம் மாடி, முன்னால் இன்னொரு தொடர்மாடி, பகலிலேயே வெளிச்சம் குறைவு. மெழுகுதிரியின் விலை கேட்டு அம்மா கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய நாளும் உண்டு.

இருட்டில் என்ன செய்வது? பல்கனியில் அம்மம்மா நுளம்புக்கு விசிறிக்கொண்டு இருப்பா. நான் பக்கத்தில் தரையில் இருப்பேன். ஒருநாள் அம்மம்மா, "இன்று என்ன படித்தாய், எனக்குச் சொல்லு" என்றா. ஒளித்தொகுப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அம்மம்மா ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவ. "இலை எதற்குச் சூரியனைப் பார்க்கிறது? இரவில் என்ன செய்யும்? அப்படியென்றால் வேர் எதற்கு?" என்று கேட்டுக்கொண்டே போனா. மூன்றாவது கேள்வியில் நான் நின்றுவிட்டேன். விடை புத்தகத்தில் எந்தப் பக்கத்தில், எந்த மூலையில், எந்த நிறக் கோட்டுக்குக் கீழே இருக்கிறது என்று தெரியும். என்ன விடை என்று மட்டும் தெரியாது.

மின்சாரம் வந்தவுடன் ஓடிப்போய்ப் புத்தகத்தைத் திறந்தேன். அந்த ஒரு பக்கத்தை வாசித்த ஆவலோடு அதற்கு முன் எந்தப் பக்கத்தையும் வாசித்ததில்லை. அந்த விடை இன்றுவரை மறக்கவில்லை.

பிறகு ஒவ்வொரு இரவும் இதுவே வழக்கமானது. கொப்பி விலை ஏறியதால் பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் எழுதினேன். நாட்காட்டி முடிந்தபோது சீமெந்துத் தரையில் வெண்கட்டியால் எழுதி ஈரத்துணியால் துடைத்தேன். பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு ஏ சித்தி கிடைத்தது. அம்மம்மா இப்போது இல்லை. இந்த இணைய உரையாடல் இழையில் ஆர்வமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

2024 டிசம்பர் 15

ஆராய்ச்சி ஏதும் இருக்கிறதா, சொந்த அனுபவம் மட்டும்தானா என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பிறகு தேடி வாசித்ததைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி என்ற இருவர் 2006 இல் வெளியிட்ட ஆய்வு. மாணவர்களுக்கு இரண்டு சிறிய உரைப்பகுதிகள். ஒன்றைத் திரும்ப வாசித்துப் படித்தார்கள். மற்றதை மூடிவிட்டு நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தபோதே கூடுதலாக நினைவிருந்தது: 81 வீதம், எழுதியபோது 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். எழுதியதில் 56 வீதம் நின்றது, வாசித்ததில் 42.

அந்த ஐந்து நிமிட எண்ணைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். நாம் ஏமாறுவது அங்கேதான். வாசித்து முடித்த கையோடு நம்மை நாமே கேட்டால் எல்லாம் வருகிறது. நாளை மறுநாள் கேட்பதில்லை.

2013 இல் ஜோன் டன்லொஸ்கி உள்ளிட்ட ஐந்து உளவியலாளர்கள் பத்துப் படிப்பு முறைகளை எடுத்து, அதுவரை வந்த ஆய்வுகளைக் கொண்டு எடைபோட்டார்கள். தன்னைத் தானே சோதிப்பதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் உயர்ந்த பயன் என்ற இடத்தில் வந்தன. கோடு போடுவதும் திரும்ப வாசிப்பதும் குறைந்த பயன். நான் மூன்று நிறப் பேனைக்குச் செலவழித்த காசு நினைவுக்கு வந்தது.

மறதியைப் பற்றி எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மனியர் 1885 இலேயே தன்னைத் தானே சோதித்து எழுதிவிட்டார். ஒருநாள் கழிவதற்குள் மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. ஆகவே உங்கள் மகனும் ஒருநாளில் மூன்றில் இரண்டை மறக்கிறான்.

2024 டிசம்பர் 16

நேற்று எழுதிய கடைசி வசனம் பிழை. எபிங்ஹவுஸ் மனனம் செய்தது பொருளே இல்லாத அசைகளை. பொருள் புரிந்த பாடம் அவ்வளவு வேகமாகப் போகாது. உங்கள் மகனைப் பற்றி அந்தக் கணக்கைச் சொன்னது தவறு, திருத்திக்கொள்கிறேன்.

2024 டிசம்பர் 21

இன்னொரு திருத்தம், இது பெரியது. முதல் குறிப்பில் "வாசிப்பதை விட்டுவிட்டு" என்று எழுதியிருந்தேன். விஞ்ஞானம் கற்பிக்கும் ஒருவர் கடுமையாக மறுத்திருக்கிறார். புரியாத பாடத்தை மூடிவைத்தால் நினைவுக்கு வர என்ன இருக்கிறது என்று கேட்கிறார். அவர் சொல்வது சரி. மூன்று நாளாக இதை யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் தம்பியும் இந்த மார்ச்சில்தான் எழுதுகிறான். அவனிடம் மின்னோட்டம் பற்றிய ஓமின் விதியைக் கேட்டேன். சூத்திரத்தைச் சரியாகச் சொன்னான். அழுத்தம் மாறாமல் தடையை இரட்டிப்பாக்கினால் ஓட்டம் என்னாகும் என்றேன். "இலக்கம் தந்தால் சொல்கிறேன்" என்றான். இலக்கமில்லாமல் சொல்ல முடியாதென்றால் அந்த விதி அவனுக்கு இன்னும் புரியவில்லை. அந்த இடத்தில் தாளும் பேனையும் உதவாது. புத்தகத்தைத் திறந்து மெதுவாக வாசிக்க வேண்டும், ஆசிரியரிடம் கேட்க வேண்டும், பற்றரியும் மின்குமிழும் கிடைத்தால் செய்தே பார்க்க வேண்டும்.

ஆகவே இப்படிச் சொல்கிறேன்: முதல் வாசிப்பு புரிவதற்கு. அது எவ்வளவு நேரம் எடுத்தாலும் எடுக்கட்டும். இரண்டாவது முறை புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் தாளை எடுக்க வேண்டும்.

வகுப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் போன ஒரு வகுப்பில் முந்நூறு பேர் இருந்திருப்போம். பின்வரிசையில் இருந்து ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டு, டியூட் என்று வகுப்பில் தரும் அச்சுத்தாளில் இடைவெளி நிரப்பினோம். ஒருநாளும் ஒருவரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. போக வர ஒன்றரை மணித்தியாலம் பஸ்ஸில். நல்ல ஆசிரியர்களின் சிறிய வகுப்புகளும் இருக்கின்றன. பிள்ளையிடம் கேள்வி கேட்கப்படுகிறதா என்பதை மட்டும் விசாரித்துவிட்டு அனுப்புங்கள்.

2024 டிசம்பர் 29

அட்டைகள் பற்றிக் கேட்டவர்களுக்கு.

ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. கடையில் வாங்கத் தேவையில்லை, வருடம் முடிகிறது, நாட்காட்டிகள் இருக்கின்றன. எங்களிடம் பெரிய பிஸ்கட் டின் ஒன்று இருக்கிறது. அதற்குள் மட்டையால் மூன்று அறை பிரித்திருக்கிறேன். புதிய அட்டையும் பிழையாக விடை சொன்ன அட்டையும் முதல் அறையில். ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்னால் இரண்டாம் அறைக்குப் போகும். மூன்று நாளைக்கு ஒருமுறை. அங்கேயும் சரியென்றால் மூன்றாம் அறை, வாரத்துக்கு ஒருமுறை. எந்த அறையில் பிழைத்தாலும் முதல் அறைக்குத் திரும்பிவிடும். செபஸ்டியன் லைட்னர் என்பவர் 1972 இல் சொன்ன ஏற்பாட்டின் சிறிய வடிவம் இது.

தம்பி முதல்நாளே எண்பது அட்டை எழுதிவிட்டான். அதில் ஒன்று: "கண்டி இராச்சியம் பற்றி எழுதுக." அதன் பின்பக்கம் எறும்பு ஊர்வதுபோலப் பொடி எழுத்தில் முழுப் பாடமும் இருந்தது. அதைக் கிழித்து ஒன்பது அட்டையாக்கினோம். ஒரு அட்டைக்கு ஒரு கேள்வி, ஒரு விடை, ஒரு மூச்சில் சொல்லிவிட வேண்டும்.

2025 ஜனவரி 5

கணிதத்துக்கு அட்டை வேலை செய்யாது. சூத்திரத்துக்கு மட்டும் கொஞ்சம் உதவும்.

தம்பியின் வழக்கம் ஒரு ஞாயிறு முழுவதும் இருபடிச் சமன்பாடு, அடுத்த ஞாயிறு முழுவதும் கூட்டல் விருத்தி. பத்தாவது கணக்கில் கை தானாக ஓடும். மனம் நிறைந்து எழும்புவான். ஆனால் வினாத்தாளில் எந்தக் கேள்வியின் தலையிலும் இது இன்ன பாடம் என்று எழுதியிருக்காது. முதல் பத்திரம் ஏ பகுதியில் 25 சிறு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. ஒன்று சுட்டி, அடுத்தது வட்டம், அடுத்தது நிகழ்தகவு. ஒவ்வொன்றிலும் முதல் வேலை எந்தக் கருவியை எடுப்பது என்று தீர்மானிப்பது. ஒரே பாடத்தில் பத்துக் கணக்குச் செய்யும்போது அந்தத் தீர்மானத்தை ஒருமுறைகூட எடுப்பதில்லை.

கணக்கைக் கலந்து செய்வது பற்றி டக் ரோரர், கெல்லி டெய்லர் இருவரின் 2007 ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று உண்டு. திண்மங்களின் கனவளவு காண்பதைப் பழக்கினார்கள். பயிற்சி நேரத்தில் வகை வகையாகச் செய்தவர்கள் 89 வீதம் சரி, கலந்து செய்தவர்கள் 60 வீதம் மட்டும். ஒரு வாரம் கழித்து நடந்த பரீட்சையில் வகை வகையாகச் செய்தவர்கள் 20, கலந்தவர்கள் 63.

தம்பிக்கு இதைக் காட்டினேன். அவனுடைய மறுமொழி: "அப்படியென்றால் எனக்குப் பிழைக்கப் பிழைக்க நான் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று அம்மாவிடம் நீயே சொல்லிவிடு." வீடு முழுக்கச் சிரித்தோம். சொல்லியும் விட்டேன்.

2025 ஜனவரி 14, பொங்கல்

காலையில் பொங்கிவிட்டு எதிர்வீட்டுத் தமிழாசிரியர் ஐயாவுக்குக் கொடுக்கப் போனேன். ஓய்வுபெற்றுப் பல வருடமாகிவிட்டது. இந்த இழையைப் பற்றிச் சொன்னேன். மனனம் செய்வதை இந்தக் காலத்தில் எல்லோரும் பழிக்கிறார்கள் என்று அவருக்கு வருத்தம்.

நன்னூலின் பாயிரத்தை நினைவிலிருந்தே சொன்னார். மாணவன் பாடம் கேட்கும் முறையைப் பவணந்தி முனிவர் அங்கே வகுக்கிறார். பாடம் போற்றல், கேட்டவை நினைத்தல், தக்கவரோடு கூடிப் பயிலுதல், வினாதல், வினாயவை விடுத்தல். பதின்மூன்றாம் நூற்றாண்டு. கேட்டவை நினைத்தல் என்ற இரண்டு சொல்லில், நான் டிசம்பர் முழுவதும் நீட்டி எழுதியது அடங்கிவிட்டது. கேள்வி கேட்பதும் கேட்ட கேள்விக்கு விடை சொல்வதும் தனித்தனிக் கடமையாகச் சொல்லப்பட்டிருப்பதைப் பாருங்கள். அம்மம்மாவுக்கு நன்னூல் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அந்த வழக்கம் அவவுக்குத் தெரிந்திருந்தது.

ஐயா இன்னொன்றும் சொன்னார். அந்தப் பட்டியலில் பாடம் போற்றலும், அதாவது பாடத்தை மனனம் செய்து காப்பதும், இருக்கிறது, அதை ஏன் விடுகிறாய் என்றார். வாய்பாடு வாயில் வராத பிள்ளை காரணி காணும்போது படும் பாட்டைத் தம்பியிடம் பார்க்கிறேன். பன்னிரண்டு எட்டு எவ்வளவு என்று யோசிக்கும் நேரத்தில் கணக்கின் நூல் அறுந்துவிடுகிறது. ஆகவே வாய்பாடு, தனிமங்களின் குறியீடு, செய்யுள் அடிகள், முக்கிய ஆண்டுகள், இவற்றை மனனம் செய்யத்தான் வேண்டும். புரிந்து படிப்பதற்கு மனனம் பகை என்று நானும் ஒருகாலத்தில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

2025 ஜனவரி 19

கடந்தகால வினாத்தாள்கள். பலரும் கேட்டது இது, எனக்கும் நிறையச் சொல்ல இருக்கிறது.

பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழ் மொழிமூல வினாத்தாள்கள் கிடைக்கின்றன. பலருக்குத் தெரியாதது, திணைக்களம் புள்ளியிடும் திட்டங்களையும் மதிப்பீட்டு அறிக்கைகளையும் வெளியிடுகிறது என்பது. மதிப்பீட்டு அறிக்கையில் ஒவ்வொரு வினாவிலும் மாணவர்கள் எங்கே தடுக்கினார்கள் என்று எழுதியிருக்கும். வகுப்புக் கட்டணம் கொடுத்தும் கிடைக்காத அறிவுரை அது.

பெரும்பாலான பிள்ளைகள் வினாத்தாளை எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? கேள்வியை வாசிப்பது, கொஞ்சம் யோசிப்பது, விடையைப் பார்ப்பது, "ஆம், இதுதான் நினைத்தேன்" என்று அடுத்ததற்குப் போவது. இதுவும் திரும்ப வாசிப்பதுதான், புத்தகத்துக்குப் பதிலாக வினாத்தாள். நேரம் வைத்து, எழுதி, முழுத் தாளையும் முடித்த பிறகுதான் விடையைத் தொட வேண்டும்.

விஞ்ஞானத்தின் முதல் பத்திரத்தில் 40 பல்தேர்வு வினாக்கள், ஒரு மணித்தியாலம். விடைகள் நான்கையும் கையால் மறைத்துக்கொண்டு கேள்வியை மட்டும் வாசித்து விடையைச் சொல்லிவிட்டுக் கையை எடுக்கும்படி தம்பிக்குச் சொல்லியிருக்கிறேன். பிறகு மற்ற மூன்றும் ஏன் பிழை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம். நேரம் எடுக்கும்தான். ஆனால் ஒரு கேள்வியில் நான்கு கேள்வியின் படிப்பு இருக்கிறது.

புள்ளியிடும் திட்டத்தில் ஒரு கவனம். திணிவு என்று எழுத வேண்டிய இடத்தில் நிறை என்று எழுதினால், அலகை விட்டுவிட்டால், புள்ளி போகும் இடங்களை அது காட்டும். அதற்காக அதையே பாடமாக்கக் கூடாது. என் தோழி ஒருத்தி பத்து வருட விடைகளையும் அப்படியே பாடமாக்கினாள். கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்டிருந்தார்கள். பழைய கேள்விக்குரிய விடையை அழகான கையெழுத்தில் எழுதிவிட்டு வந்தாள்.

பிழைக் கொப்பி ஒன்று கட்டாயம் வேண்டும். பழைய கொப்பியில் மிச்சப் பக்கங்கள் போதும். பிழைத்த கேள்வி, ஏன் பிழைத்தது, சரியான வழி. "கவனக்குறைவு" என்று எழுதத் தம்பிக்குத் தடை. கவனம் எங்கே குறைந்தது? கேள்வியில் "அல்லாதது" என்ற சொல்லைத் தாண்டினானா, மறை அடையாளத்தை விட்டானா, சென்ரிமீற்றரை மீற்றராக்க மறந்தானா? நாற்பது பிழையை இப்படி எழுதிய பிறகு பார்த்தால், பதினேழு ஒரே வகை: அலகு மாற்றம். அதுவரை அவன் தனக்குக் கணிதம் வராது என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

2025 பெப்ரவரி 2

அட்டைகள் முந்நூற்று இருபதாகிவிட்டன. முதல் அறை நிரம்பி டின் மூட முடியவில்லை. தம்பி அட்டைக்காகப் படிக்கிறானே ஒழியப் பாடத்துக்காகப் படிக்கவில்லை என்று அம்மா சொன்னா. அம்மா சொன்னது சரி. டிசம்பர் 29 இல் எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மூன்றாம் அறையில் இரண்டு வாரம் பிழைக்காமல் இருந்த அட்டையை வெளியே எடுத்துவிட வேண்டும். எடுத்தோம். நூற்றுப்பத்து மிஞ்சியது.

இரவு பதினொரு மணியைப் பற்றி முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் அக்கா. பத்துக்குப் படுக்கட்டும். பகலில் படித்தது மனதில் ஊன்றுவது உறக்கத்தில்தான். உறக்கத்தைக் குறைத்துப் படிப்பது உலையைக் கவிழ்த்துவிட்டு அரிசி கழுவுவதுபோல.

2025 பெப்ரவரி 11, செவ்வாய்

ஞாயிறு முற்பகல் நாடு முழுவதும் மின்சாரம் போனதே. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்றார்கள். நேற்றும் இன்றும் சுழற்சி முறையில் ஒன்றரை மணித்தியால மின்வெட்டு.

இன்று மாலை எங்கள் முறை. தம்பி கைபேசி விளக்கைத் தேடினான். நான் அவனைப் பல்கனிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடலோரப் பாதையில் புகையிரதம் போகும் சத்தம், காலி வீதியில் பஸ் ஹோர்ன், இருட்டு. அம்மம்மாவின் கதிரையில் நான் இருந்தேன். "இன்று என்ன படித்தாய், எனக்குச் சொல்லு" என்றேன்.

ஒன்றரை மணித்தியாலமும் பேசினான். கண்டி பிரித்தானியர் கைக்குப் போன 1815 ஒப்பந்தத்திலிருந்து தொடங்கினான். மூன்று வருடத்திலேயே ஊவாவில் ஏன் கிளர்ச்சி வந்தது என்று கேட்டேன். ஒப்பந்தத்தில் பிரதானிகளுக்குக் கொடுத்த வாக்கு என்னவாயிற்று என்று அதற்குள் போனான். அங்கிருந்து 1833 கோல்புறூக் சீர்திருத்தம், 1848 மாத்தளைக் கிளர்ச்சி, 1931 டொனமூர் அரசியலமைப்பு, சர்வசன வாக்குரிமை. ஒவ்வொன்றிலும் "அதற்குப் பிறகு ஏன்?" என்று மட்டும்தான் கேட்டேன். ஆண்டுகளை அட்டையில் படித்திருந்தான். ஆண்டுகளுக்கு நடுவில் இருக்கும் கதையை இன்றுதான் முதன்முறையாகத் தானே சொன்னான்.

விளக்கு வந்தபோது இருவரும் கொஞ்ச நேரம் எழும்பவில்லை.

2025 பெப்ரவரி 23

கொட்டாஞ்சேனை அக்காவின் செய்தி வந்திருக்கிறது. முன்னோடிப் பரீட்சையில் விஞ்ஞானம் 61, வரலாறு 58, கணிதம் மட்டும் 52 இலிருந்து 47 க்கு இறங்கிவிட்டது. கணிதத்தைக் கலந்து செய்யச் சொன்னது என் யோசனை. ஆகவே அந்த இறக்கத்தில் எனக்கும் பங்கு இருக்கலாம். விசாரித்தபோது, அடிப்படையே படியாத பாடங்களையும் சேர்த்துக் கலந்திருக்கிறான் என்று தெரிந்தது. தாயங்கள் என்ற பாடத்தை அவன் இன்னும் ஒழுங்காகச் செய்து பார்க்கவில்லை. புதிய பாடத்தை முதலில் தனியாக ஐந்தாறு கணக்குச் செய்து கை பழகிய பிறகுதான் கலவைக்குள் விட வேண்டும். ஜனவரி 5 இல் இதை நான் எழுதவில்லை. மகனிடம் என் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள்.

2025 மார்ச் 9

பரீட்சைக்கு முந்திய நாட்களில் தனியார் வகுப்புகளுக்குத் தடை வரும். பிள்ளைகள் பதறுவார்கள், பெற்றோர் அதைவிடப் பதறுவார்கள். பிழைக் கொப்பியும் முதல் அறை அட்டைகளும் போதும். புதிய பாடம் ஒன்றையும் தொட வேண்டாம். புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை புரட்ட வேண்டும் என்று கை அரிக்கும். அந்த ஆசைக்கு இடம் கொடுத்தால் எல்லாம் அரைகுறையாகத் தெரிவதுபோல ஒரு பயம் வந்து பிடிக்கும்.

மூன்று மணித்தியாலத் தாள்களுக்கு மேலதிக வாசிப்பு நேரமாகப் பத்து நிமிடம் தருகிறார்கள். பேனையைத் தேடவும் பக்கத்துக் கதிரையைப் பார்க்கவும் அந்தப் பத்து நிமிடத்தைச் செலவழிக்கக் கூடாது. எந்த வினாக்களை எடுப்பது, எதை முதலில் செய்வது என்று அதற்குள் முடிவாக வேண்டும். கணிதம் இரண்டாம் பத்திரத்தில் பன்னிரண்டில் பத்து எழுத வேண்டும், ஒவ்வொரு பகுதியிலும் ஐந்து. விடப்போகும் இரண்டும் வாசிப்பு நேரத்திலேயே தெரிந்துவிட்டால் பிறகு மனம் அலையாது. தம்பிக்கு இதை நான்கு தாள்களில் மணிக்கூடு வைத்துப் பழக்கியிருக்கிறேன்.

2025 மார்ச் 16, ஞாயிறு இரவு

நாளை தொடக்கம். அனுமதி அட்டை, அடையாள அட்டை, நான்கு பேனை, கவராயம் எல்லாம் மேசையில். தம்பி ஒன்பதரைக்கே படுத்துவிட்டான். கொட்டாஞ்சேனையிலும் படுத்துவிட்டான் என்று அக்கா எழுதியிருக்கிறா. இருவருக்கும் ஒரே நாளில் ஒரே தாள். முகம் பார்த்திராத அந்தப் பிள்ளையின் நினைவும் எனக்கு இருந்துகொண்டே இருக்கிறது.

2025 மார்ச் 27

நேற்று எல்லாம் முடிந்தது. முடிவுகள் வரும்போது வரட்டும்.

சித்தியின் மகள் தரம் 10. பிஸ்கட் டின்னைக் கேட்டு இன்று வந்திருந்தாள். அட்டைகளோடு சேர்த்துத் தரும்படி கேட்டாள். தம்பி கொடுக்கத் தயாராகத்தான் இருந்தான். நான் விடவில்லை. எந்தக் கேள்வியை எழுதுவது, எதை ஒரு அட்டைக்குள் அடக்குவது என்று யோசித்ததில்தான் தம்பி பாதிப் பாடத்தைப் படித்தான். அட்டைகளை ஒரு றப்பர் பட்டியில் கட்டி அலுமாரியில் வைத்துவிட்டு, மட்டை பிரித்த வெறும் டின்னையும் போன வருட நாட்காட்டிகள் இரண்டையும் கொடுத்து அனுப்பினேன்.